வெண்ணெய்க் கடிதமும் கண்ணாடி ஆப்பிளும்

'வீட்டில் செய்தது' என்ற தொடருக்கு நம் காலத்தில் தனி மதிப்பு ஏறிவிட்டது. ஊறுகாய்ப் புட்டி முதல் சோப்புக்கட்டி வரை அத்தொடரை அச்சிட்டே விற்கிறார்கள். டிசம்பர் பிறந்தால் இம்மதிப்பு இன்னும் கூடுகிறது. கையால் கத்தரித்த காகித நட்சத்திரம், அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய கேக், பிள்ளைகள் வண்ணம் பூசிய பொம்மை என்று பேசத் தொடங்கினால் நம் குரலே கனிந்துவிடுகிறது. தாய், அடுப்பு, மெழுகுவத்தி, சுற்றி அமர்ந்த குழந்தைகள் என ஒரு சித்திரம் மனத்தில் எழுகிறது.

இச்சித்திரத்தின் பெரும்பகுதி ஜெர்மனியிலிருந்து வந்தது. மரக்கிளையில் தொங்கும் கண்ணாடி உருண்டையும், வாயை அகலத் திறந்து நிற்கும் கொட்டை உடைக்கும் பொம்மையும், சாளரத்து மெழுகுவத்தி வளைவும், உலர்பழங்கள் நிறைந்த 'ஸ்டோலன்' ரொட்டியும் அந்நாட்டின் நடுப்பகுதி மலைகளிலும் அவற்றை ஒட்டிய நகரங்களிலும் பிறந்தவை. இவற்றை வீட்டில் செய்தவை என்று சொல்வதில் பிழையில்லை. ஆனால் யார் வீட்டில், யாருக்காக என்ற கேள்வி ஒன்று இருக்கிறது. தாம் உண்ணவும் தாம் கண்டு மகிழவும் ஒரு குடும்பம் செய்வது ஒருவகை. வீட்டையே பட்டறையாக்கி, முகமறியாத எவர் வீட்டுப் பண்டிகைக்கோ செய்து அனுப்புவது வேறுவகை. தமிழில் 'கைவினை' என்ற ஒரே சொல்லால் இரண்டையும் மூடிவிடுகிறோம். அந்தச் சொல்லைச் சற்றே பிரித்துப் பார்ப்பதுதான் இக்கட்டுரையின் நோக்கம்.

ரொட்டியிலிருந்து தொடங்குவோம்.

ஸ்டோலன் பற்றிய மிகப் பழைய குறிப்பு 1329ஆம் ஆண்டைச் சேர்ந்தது. நௌம்புர்க் நகரத்து ரொட்டி சுடுவோர் சங்கம் தம் ஆயருக்குக் கிறிஸ்துமஸ் தோறும் அளிக்க வேண்டிய காணிக்கையாக அது இடம்பெறுகிறது. சாக்சனியின் தலைநகரான டிரெஸ்டனில் 1474ஆம் ஆண்டுக் கணக்கொன்றில் மருத்துவ இல்லத்துக்கு வாங்கிய பண்டமாக அதைப் பார்க்கிறோம். அன்றைய ஸ்டோலனை இன்று நம் முன் வைத்தால் ஒரு துண்டுக்கு மேல் உண்ணமாட்டோம். மாவு, நீர், எண்ணெய், அவ்வளவுதான். கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலம் அன்று நோன்புக் காலம். வெண்ணெயும் பாலும் விலக்கப்பட்டவை. இத்தாலியரிடம் ஒலிவ எண்ணெய் இருந்தது, அவர்களுக்கு இவ்விலக்கு பெரிய சுமையன்று. ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே ஒலிவ மரம் வளர்வதில்லை. அங்கே கிடைத்தது கடுகினத்து விதைகளைப் பிழிந்த எண்ணெய்தான். எண்ணெய் வாடையடிக்கும் அந்த ரொட்டியைத்தான் இயேசு பிறப்பை எதிர்நோக்கும் நாள்களில் சாக்சனி மக்கள் மென்றார்கள்.

ஆட்சியாளர்கள் ரோமாபுரிக்கு விண்ணப்பித்தார்கள். 1491இல் போப்பாண்டவர் எட்டாம் இன்னொசென்ட் அனுப்பிய அனுமதி 'வெண்ணெய்க் கடிதம்' என்ற பெயரில் வரலாற்றில் நிலைத்துவிட்டது. வெண்ணெய் சேர்க்கலாம், ஆனால் பணம் செலுத்த வேண்டும். அப்பணம் 1484ஆம் ஆண்டுத் தீயில் அழிந்த ஃப்ரைபெர்க் தேவாலயத்தை மீண்டும் எழுப்பப் பயன்பட்டது. இது சாக்சனிக்கு மட்டும் நேர்ந்ததன்று. பிரான்சின் ரூவான் நகரப் பேராலயத்தில் ஒரு கோபுரத்துக்கு இன்றும் 'வெண்ணெய்க் கோபுரம்' என்றே பெயர். தவக்காலத்தில் வெண்ணெய் உண்ண மக்கள் கட்டிய பணத்தில் எழுந்தது என்பதால் அப்பெயர். ஐரோப்பாவின் கோபுரங்களை நிமிர்ந்து பார்க்கும் சுற்றுலாப் பயணிகளுள் எத்தனை பேர் அடித்தளத்திலுள்ள வெண்ணெயை நினைப்பார்கள்!

வெண்ணெய் விவகாரத்தை மார்ட்டின் லூதர் மறக்கவில்லை. 1520இல் ஜெர்மானியப் பிரபுக்களை நோக்கி அவர் எழுதிய நூலில் இதற்கென்றே ஓரிடம் உண்டு. ரோமில் இருப்பவர்கள் நோன்பை எள்ளி நகையாடிக்கொண்டு, தம் காலணிக்குக்கூடப் பூசாத எண்ணெயை நம்மை உண்ணச் செய்து, பிறகு வெண்ணெய் உண்ணும் உரிமையை நமக்கே விற்கிறார்கள் என்ற பொருள்பட அவர் சினந்து எழுதுகிறார். சமயச் சீர்திருத்தத்தை இறையியல் வாதங்களாகவே பாடநூல்களில் படித்த நமக்கு, அது சமையலறையையும் தொட்டது என்பது வியப்பாக இருக்கலாம். நமக்கென்னவோ அந்த இடமே லூதரின் மொழியாற்றலுக்கு நல்ல சான்றாகப் படுகிறது. இறையியலை அறியாத பெண்ணும் எண்ணெயின் வாடையை அறிவாள் அல்லவா?

அதன்பின் ஸ்டோலன் கொழுத்தது. வெண்ணெய், திராட்சை, பாதாம், சர்க்கரைப் பாகில் ஊறிய எலுமிச்சைத் தோல் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. 1434இல் தொடங்கிய டிரெஸ்டன் கிறிஸ்துமஸ் சந்தைக்கே இந்த ரொட்டியின் இன்னொரு பெயரான 'ஸ்ட்ரீட்சல்' ஒட்டிக்கொண்டது. 1730இல் 'வலிய ஆகஸ்ட்' எனப்படும் மன்னர் தம் படைபலத்தைக் காட்ட ஸைட்ஹைன் என்னுமிடத்தில் நடத்திய கொண்டாட்டத்தில் சுமார் 1.8 டன் எடையில் ஒரு ஸ்டோலன் சுட்டார்கள். நடந்தது ஜூன் மாதம். கிறிஸ்துமஸுக்கும் அதற்கும் தொடர்பில்லை. அரசர்களின் பசிக்கு நாள்காட்டி ஏது?

'ஸ்டோலன்' என்ற சொல்லுக்கு ஜெர்மன் மொழியில் வேறொரு பொருளும் உண்டு. மலையைக் கிடைமட்டமாகக் குடைந்து செல்லும் சுரங்கவழியும் ஸ்டோலன்தான். தூண், முட்டுக்கட்டை என்ற பழம்பொருளிலிருந்து இரண்டும் கிளைத்தன என்பர். இந்த இரண்டாம் பொருள் நம்மை டிரெஸ்டனுக்குத் தெற்கே, பொஹீமிய எல்லையை ஒட்டிய எர்ட்ஸ்கெபிர்கெ மலைகளுக்கு அழைத்துச் செல்கிறது. பெயரின் பொருள் 'தாது மலைகள்'. 1168 அளவில் ஃப்ரைபெர்க் அருகே வெள்ளி கண்டுபிடிக்கப்பட்டதிலிருந்து அங்கு சுரங்கமே வாழ்வு. மலையின் மறுபக்கத்து யோவாக்கிம்ஸ்டால் ஊரில் அச்சிட்ட வெள்ளிக் காசுக்கு 'தாலர்' என்று பெயர். 'டாலர்' என்ற சொல் அதிலிருந்து வந்ததே.

குளிர்காலத்தில் அம்மலைத் தொழிலாளி விடியுமுன் சுரங்கத்தில் இறங்கி இருட்டிய பின் வெளியேறுவான். வாரக்கணக்கில் சூரியனைக் காணாத வாழ்க்கை. அந்நாட்டுக் கிறிஸ்துமஸ் அலங்காரம் யாவும் ஒளியைச் சுற்றியே அமைந்ததற்கு வேறு விளக்கம் தேவையில்லை. மெழுகுவத்தி ஏந்திய மரத்தாலான சுரங்கத் தொழிலாளியும் மரத்தாலான தேவதையும் சாளரத்தில் நிற்கும். வீட்டில் ஓர் ஆண்பிள்ளைக்கு ஒரு தொழிலாளி, ஒரு பெண்பிள்ளைக்கு ஒரு தேவதை என்று கணக்கு. தெருவில் நடப்பவர் சாளரத்தைப் பார்த்தே அவ்வீட்டுப் பிள்ளைகளை எண்ணிவிடலாம். இது முதல்வகைக் கைவினை. தமக்காகத் தாமே செய்தது.

இரண்டாம் வகை, தாது தீர்ந்த பிறகு வந்தது. ஸைஃபென் என்ற சிற்றூரை எடுத்துக்கொள்வோம். மணலை நீரில் அலசி வெள்ளீயம் பிரிக்கும் தொழிலிலிருந்தே அவ்வூர் பெயர் பெற்றது. ஈயம் குறையக் குறைய, மக்கள் சுற்றியிருந்த காட்டை நோக்கித் திரும்பினர். தாது இடிக்கப் பயன்பட்ட நீர்விசை இப்போது மரம் கடையும் கடைசல் இயந்திரங்களைச் சுழற்றியது. மரக்கிண்ணம், பொத்தான் என்று தொடங்கிய வேலை பொம்மைகளுக்கு வந்து சேர்ந்தது.

1800ஐ ஒட்டி அவ்வூரார் கண்ட ஓர் உத்தியை மட்டும் இங்கே விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் உலகில் அதற்கு இணையில்லை. ஊறவைத்த பசும் ஸ்ப்ரூஸ் மரத்துண்டை வட்டமாகக் கடைகிறார்கள். கடைபவர் உளியால் மேடு பள்ளங்களைச் செதுக்கிக்கொண்டே போகிறார். கடைந்து முடித்தால் கையில் இருப்பது ஒரு மரவளையம். பார்ப்பவருக்கு அது ஏதோ ஒரு சக்கரம் போலத் தெரியும். அதைக் கேக் வெட்டுவதுபோல் ஒரு கத்தியால் பிளந்தால், ஒவ்வொரு துண்டின் குறுக்குவெட்டிலும் ஒரு குதிரை நிற்கிறது! அல்லது பசு, அல்லது யானை. கடையும்போது குதிரை அவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. முழு உருவமும் கையின் நினைவில்தான் இருக்கிறது. ஒரே வளையத்திலிருந்து பல பத்துக் குதிரைகள். இன்று இவ்வித்தை அறிந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே.

கலையாகப் பார்த்தால் மெய்சிலிர்க்கிறது. பொருளாதாரமாகப் பார்த்தால் வேறொன்று புலப்படுகிறது. இத்தனை நுட்பமும் பிறந்தது ஒரு பொம்மையின் விலையைக் குறைப்பதற்காக. நோவாவின் பேழைக்குச் சோடி சோடியாக விலங்குகள் வேண்டும், அவை மலிவாக வேண்டும். வளையம் கடைபவர் பிளந்து கொடுத்ததும், காது ஒட்டுவதும் வால் ஒட்டுவதும் வண்ணம் தீட்டுவதும் வீட்டுப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் உரிய வேலை. பெரியவர் வீட்டுப் பிள்ளை விளையாடிய யானைக்கு ஸைஃபென் பிள்ளை வால் ஒட்டியிருந்தது.

அதே ஊரில் 1870ஐ ஒட்டி வில்ஹெல்ம் ஃப்ரீட்ரிக் ஃபூக்ட்னர் என்ற கைவினைஞர் கடைந்த கொட்டை உடைக்கும் அரசன்தான் இன்று உலகெங்கும் காணும் வடிவத்தின் மூதாதை. அரசன், காவலர், படைவீரன் என்று அதிகாரம் உள்ளவர்களையே அப்பொம்மையாக ஆக்கினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ஏழைத் தொழிலாளிக்கு அரசன் கொட்டை உடைத்துத் தருகிறான். ஹாஃப்மனின் 1816ஆம் ஆண்டுக் கதையும் சைக்கோவ்ஸ்கியின் 1892ஆம் ஆண்டு நாட்டிய நாடகமும் பெற்ற புகழில் இந்தக் குறும்பு மறைந்துபோனது.

இனி லௌஷா. துரிங்கியக் காட்டுக்குள் உள்ள இச்சிற்றூரில் 1597இல் கண்ணாடி உலை அமைந்தது. விறகும் மணலும் அருகே கிடைத்தன. மணிகள், புட்டிகள், பொம்மைகளுக்கான கண்கள் என்று தலைமுறைகளாக ஊதி வந்தார்கள். கிறிஸ்துமஸ் மரத்தில் ஆப்பிளும் வாதுமைக் கொட்டையும் தொங்கவிடுவது அக்கால வழக்கம். அவற்றை வாங்கப் பணமில்லாத ஏழைக் கைவினைஞர் ஒருவர் கண்ணாடியிலேயே ஆப்பிள் ஊதினார் என்றொரு கதை அவ்வூரில் வழங்குகிறது. கதை கதையாகவே இருக்கட்டும். ஆவணம் சொல்வது இது: 1848ஆம் ஆண்டின் வணிகப் பதிவேடு ஒன்றில் ஆறு டஜன் கிறிஸ்துமஸ் உருண்டைகளுக்கான கொள்முதல் குறிப்பு இருக்கிறது. நமக்குப் பிடித்தது கதைதான். ஆனால் வரலாற்றில் கண்ணாடி ஆப்பிள் நுழையும்போதே விற்பனைப் பொருளாகத்தான் நுழைகிறது என்பதையும் நாம் கண்டுகொள்ள வேண்டும்.

1867இல் ஊருக்கு எரிவாயு வந்தது. எண்ணெய் விளக்கின் சுடரைவிடச் சூடான, கட்டுக்குள் நிற்கும் சுடர். அதன்பின் பெரிய, தாள்போல் மெல்லிய உருண்டைகளை ஊத முடிந்தது. வேதியியலர் லீபிக்கின் முறையைப் பின்பற்றி வெள்ளி நைட்ரேட் கரைசலை உள்ளே ஊற்றிக் குலுக்கி, உட்புறத்தைக் கண்ணாடிபோல் மின்னச் செய்தார்கள். வேலைப் பங்கீடு குடும்பத்துக்குள்ளேயே நடந்தது. ஊதுவது கணவன். வெள்ளி ஏற்றுவதும் அரக்குச் சாயத்தில் தோய்ப்பதும் மனைவி. ஆணிப்பலகையில் தலைகீழாகக் காயவைத்து, காய்ந்தபின் கழுத்தை வெட்டி, தகரத் தொப்பி மாட்டி, அட்டைப் பெட்டியில் டஜன் டஜனாக அடுக்குவது பிள்ளைகள். சமைப்பதும் உறங்குவதும் சாயம் காய்வதும் ஒரே அடுப்பின் வெப்பத்தில். நிறைந்த பெட்டிகளைப் பெருங்கூடையில் முதுகில் சுமந்து சோன்னபெர்க் நகர வணிகர்களிடம் சேர்ப்பதும் பெண்கள் வேலை. விலையை நிர்ணயித்தவர் வணிகர்.

1880இல் பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் நகரில் மலிவு விலைக் கடை நடத்திய வுல்வொர்த், ஓர் இறக்குமதியாளரின் வற்புறுத்தலுக்காக வேண்டாவெறுப்பாக 25 டாலருக்கு இவ்வுருண்டைகளை வாங்கினார். இரண்டு நாளில் அத்தனையும் விற்றுப்போயின. பின்னர் அவர் தாமே ஜெர்மனிக்குச் சென்று பெருமளவில் வாங்கத் தொடங்கினார். தாது மலையில் பிறந்த 'டாலர்' என்ற சொல், கண்ணாடி வாங்கும் பணமாக மீண்டும் ஜெர்மானிய மலைகளுக்கு வந்து சேர்ந்ததை எண்ணிப் பார்க்கையில் சொற்களுக்கும் ஊழ்வினை உண்டோ என்று தோன்றுகிறது. முதல் உலகப் போர் இவ்வணிகத்தை அறுத்தது. 1939இல் அமெரிக்காவின் கார்னிங் ஆலை, பல்பு செய்யும் இயந்திரத்தைக் கொண்டே இவ்வுருண்டைகளை நாளொன்றுக்கு லட்சக்கணக்கில் வார்க்கத் தொடங்கியது.

இந்த வீட்டுப் பட்டறைகளின் கதையை அக்காலத்தார் அறியாமலில்லை. 1903இல் ஜெர்மனியில் நிறைவேறிய குழந்தைப் பாதுகாப்புச் சட்டம், ஆலையோடு நின்றுவிடாமல் வீட்டு வேலைக்குள்ளும் நுழைந்தது. பெற்ற பிள்ளைகளையே 10 வயதுக்கு முன் இத்தகைய வேலையில் ஈடுபடுத்தக் கூடாது என்றது. சட்டம் வந்ததே நிலைமையைச் சொல்லிவிடுகிறது. ஆனால் மூடிய கதவுக்குப் பின்னால், தாயின் மடியருகே நடக்கும் வேலையை எந்த ஆய்வாளர் எண்ணுவார்?

1906இல் பெர்லினில் வீட்டுத் தொழில் கண்காட்சி ஒன்று நடந்தது. நாடெங்கும் வீடுகளில் செய்த பொருள்களைக் காட்சிக்கு வைத்து, ஒவ்வொன்றன் அருகிலும் அதைச் செய்ய ஆன நேரத்தையும் கிடைத்த கூலியையும் எழுதி வைத்தார்கள். விலைச்சீட்டு தெரியும், கூலிச்சீட்டு கேள்விப்பட்டிருக்கிறோமா? கண்காட்சிக்கான சுவரொட்டியை வரைந்தவர் நெசவாளர் துயரைச் சித்திரத் தொடராக்கிய கேத்தே கோல்விட்ஸ். களைத்துச் சோர்ந்த ஒரு பெண்ணின் முகம், அவ்வளவே. அச்சுவரொட்டிகளை அகற்றினால்தான் வருவேன் என்றார் பேரரசி. அழகிய பொருளைப் பார்க்க ஒருவர் விரும்புவதும், அதைச் செய்தவளின் முகத்தைப் பார்க்க மறுப்பதும் ஒரே மனிதருக்குள் நிகழ்கின்றன. பேரரசியைக் குறை சொல்லி நாம் தப்பிவிட முடியாது.

இதனால் வீட்டுக் கைவினை எல்லாமே துயரம் என்று முடிவு கட்டுவதும் எளிதான பிழை. ஹெர்ன்ஹுட் நட்சத்திரத்தைச் சொல்ல வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், மொராவிய சகோதர சபையின் நீஸ்கி ஊர்ப் பள்ளியில் வடிவியல் பயிற்சியாகத் தொடங்கியது அது. காகிதக் கூம்புகளை ஒட்டி உருவாக்கும் விண்மீன். இன்றைய வழக்கமான வடிவத்தில் 25 முனைகள்: நாற்கோண அடி உடையவை 17, முக்கோண அடி உடையவை 8. இருபத்தாறாம் முகம் தொங்கவிடுவதற்காகத் திறந்திருக்கும். ஹெர்ன்ஹுட் விடுதிப் பள்ளிகளில் படித்த பலர், தொலைநாடுகளில் ஊழியம் செய்த மிஷனரிகளின் பிள்ளைகள். பெற்றோரைப் பிரிந்து வளர்ந்தவர்கள். திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்று அவர்கள் தம் கையால் நட்சத்திரம் கட்டினார்கள்.

அத்தொலைநாடுகளின் பட்டியலில் நம் கடற்கரையும் உண்டு. அச்சபையைப் புதுப்பித்த ஸின்ஸென்டார்ஃப் பிரபு, சிறுவனாக ஹாலே நகரப் பள்ளியில் பயின்றபோது தரங்கம்பாடி மிஷனைப் பற்றிய செய்திகளைக் கேட்டு வளர்ந்தவர். 1760இல் அச்சபையார் தரங்கம்பாடிக்கே வந்து 'சகோதரர் தோட்டம்' அமைத்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தார்கள். நட்சத்திரம் பிறந்தது அவர்கள் திரும்பிய பிறகு. டிசம்பரில் வாசலில் காகித நட்சத்திரம் தொங்கும் தெருக்களில் வளர்ந்த நமக்கு, அந்த விடுதிப் பிள்ளைகள் அவ்வளவு அயலாராகத் தோன்றவில்லை. அவர்களுடைய நட்சத்திரமும் பின்னாளில், 19ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி, விற்பனைக்கு வந்து ஒரு தொழிலாயிற்று. எதுதான் ஆகவில்லை?

ஸ்டோலன் மட்டும் சற்றே பிடிவாதம் காட்டியது. 1949இல் கிழக்கு ஜெர்மனி தனி நாடானபின் திராட்சை, பாதாம், எலுமிச்சைத் தோல் எல்லாம் அன்னியச் செலாவணி கேட்கும் பொருள்கள் ஆயின. பச்சைத் தக்காளியையும் கேரட்டையும் சர்க்கரைப் பாகில் ஊறவைத்து 'கண்டினாட்' என்ற பெயரில் எலுமிச்சைத் தோலுக்குப் பதிலாக அரசு ஆலைகள் விற்றன. மேற்கு ஜெர்மனியில் இருந்த உறவினர்கள் உண்மையான திராட்சையும் பாதாமும் பொட்டலம் கட்டி அஞ்சலில் அனுப்பினார்கள். அவையே மாவோடு கலந்து வெந்து, ஸ்டோலனாக மேற்கு நோக்கி அஞ்சலில் திரும்பிச் சென்றன.

வெந்தது வீட்டு அடுப்பில் அன்று. பெரிய ஸ்டோலன் வேக வீட்டடுப்பு போதாது என்பதால், தாம் சேர்த்த பொருள்களைத் தெருமுனை ரொட்டிக் கடைக்கு எடுத்துச் சென்று கொடுத்துச் சுட்டு வாங்குவது டிரெஸ்டன் வழக்கம். நம் திராட்சை அடுத்தவர் மாவில் விழுந்துவிடக் கூடாதே என்ற கவலை எல்லோருக்கும் உண்டு. ஆகவே ஒவ்வொரு குடும்பமும் தம் பெயர் பொறித்த சிறு தகரத் துண்டுகளை வைத்திருந்தது. கடைக்காரரின் சூளைக்குள் செல்லுமுன், ஒவ்வொரு ரொட்டியிலும் அவற்றில் ஒன்றைச் செருகி வைப்பார்கள்.